புற்றுக்காளான்: பெரியதும் சிறியதும்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் இடியோடு மழை பெய்து ஓய்ந்த மறுநாட்காலை, திருவள்ளூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் கூடையுடன் கரம்பு நிலம் நோக்கிச் செல்வோரை நாம் காண்கிறோம். அவர்கள் தேடுவது புற்றுக்காளான். இடி இடித்தால் காளான் பூக்கும் என்பது ஊர்வழக்கு. உண்மையில் அதனை வளர்ப்பது கறையானே. உலர்ந்த இலையையும் மரத்தையும் மென்று, புற்றினுள் தேனடை போன்றதொரு தோட்டம் அமைத்து, அதிலே காளானைப் பயிரிட்டு உண்கிறது. மனிதன் இன்னும் அக்கலையைக் கற்றானில்லை!

இக்குலத்தில் பெரியது உள்ளங்கையளவு விரியும் வெண்குடை. நடுவே சாம்பல் கலந்த பழுப்புக் குமிழ். சென்னைப் பல்கலைக்கழகத்துக் கே. நடராஜன் 1979இல் இதனைத் தனியினமாக விவரித்து, பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைமின் பெயரைச் சூட்டினார். சிறியதோ விரல்நகத்தளவே, நூற்றுக்கணக்கில் கூட்டமாய்த் தரையை வெண்மையாக்கும். 1871இல் இலங்கையிலிருந்து இதனை விவரித்த இருவருள் ஒருவரான பெர்க்லி ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர் என்பதில் நமக்கும் சற்றுப் பெருமைதான்.

இரண்டுக்கும் முதன்மையான வேற்றுமை வேரில் உள்ளது. பெரியதன் தண்டு வேர்போல் நீண்டு, மண்ணுக்குள் ஆழ்ந்து, கறையான் தோட்டம்வரை செல்லும். சிறியதற்கு அந்த நீள்வேர் இல்லை. கறையான் வெளியே கொணர்ந்து பரப்பும் தோட்டத்துண்டுகளிலேயே அது முளைத்துவிடுகிறது.

இதனை விரித்துரைக்கக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்துக் குடியிருந்த நம் பங்குக் குடும்பமொன்று, புல்தரையில் முளைத்த பெரிய வெண்குடைகளைப் புற்றுக்காளான் என்றெண்ணிச் சமைத்தது. மூன்று மணி நேரத்திற்குள் தாய்க்கும் இரு பிள்ளைகளுக்கும் ஓயாத வாந்தியும் பேதியும். இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தனர். மஞ்சளிட்டு வேகவைத்தோம், நிறம் மாறவில்லையே என்று அத்தாய் அழுதார். மஞ்சளும் வெள்ளிக்காசும் நஞ்சைக் காட்டா. எறும்பு அரித்த காளான் நல்லது என்பதும் வீண் நம்பிக்கையே.

அந்த நச்சுக்காளான் புல்தரையில் வளர்வது. கறையானோடு அதற்கு உறவில்லை. குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும். அடிமடிப்புகள் முதலில் வெண்மையாயிருந்து, முற்றியபின் பச்சை பாயும். இளங்குடையில் அப்பச்சை தெரியாது, ஏமாற்றம் அங்கேதான். தண்டிலுள்ள வளையத்தையும் நம்பலாகாது. பெரிய புற்றுக்காளானுக்கும் அது உண்டு. ஆகவே பெரியதை ஒடிக்காமல், மண்ணைத் தோண்டி வேரோடு எடுத்துப் பார்க்க வேண்டும். நீள்வேர் இல்லையேல் விட்டுவிடுக. சிறியதற்கு இச்சோதனை உதவாது. பல்லாண்டு பறித்துப் பழகிய மூத்தோர் கண்டு சொன்னாலன்றி அதனை அடுப்பிலேற்ற வேண்டாம்.

உண்டபின் வாந்தி கண்டால் தாமதியாமல் மருத்துவமனை செல்லுங்கள். சமைக்காத காளான் ஒன்று மீந்திருப்பின், அதனைத் தாளில் சுற்றி உடன் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.