கரடிக்குச் சோறு போடாதே!

இரவு நேரம். காட்டுக்கு நடுவே ஒரு குப்பைக் குழி. ஓட்டல் எச்சிலைக் கொண்டு வந்து அங்கே கொட்டியிருக்கிறார்கள்.

எதிரே ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு கூட்டம். பளிச்சென்று விளக்கு எரிகிறது.

அதோ, கரடிகள் வருகின்றன! ஒன்று, இரண்டு, மூன்று... எச்சிலைத் தின்கின்றன. ஒன்றை ஒன்று உறுமி விரட்டுகின்றன. கூட்டம் சிரிக்கிறது.

இது சர்க்கஸ் அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1920களிலும் 1930களிலும் நடந்த காட்சி.

பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் என்று எண்ணிவிடாதீர்கள். சுமார் 3,000 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள மலை, காடு, அருவி. 1890ல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தனி மனிதர் யாருக்கும் சொந்தமில்லை. நாட்டு மக்கள் எல்லோருக்கும் சொந்தம். இப்போது ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் பார்க்க வருகிறார்கள்.

பழக்கம் பொல்லாதது

கரடி வேடிக்கையை 1940 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். ஏன்?

மனிதன் கையால் தின்ற கரடிக்கு மனிதனிடம் பயம் போய்விடுகிறது. பயம் போன கரடி கேட்டு வாங்காது, பறித்துத் தின்னும். கடிபட்டும் கீறல்பட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலர்.

கரடிக்கும் கேடுதான். மனிதரைத் தாக்கத் துணிந்த கரடியைக் கடைசியில் கொன்றுவிட வேண்டியிருக்கிறது. ரொட்டித் துண்டை வீசியவர் வீட்டுக்குப் போய்விடுவார். தண்டனை கரடிக்கு!

இதை வருகிறவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? காவலர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு வேறு வேலையும் உண்டு.

ஒரு சங்கம் பிறந்தது

1920ல் யோசெமிட்டியில் இயற்கை வழிகாட்டிகளை அமர்த்தினார்கள். மரத்தையும் பறவையையும் காட்டி விளக்குவது அவர்கள் வேலை. அப்போது அங்கே ஆன்சல் ஹால் என்ற இளைஞர் இயற்கை ஆராய்ச்சி அதிகாரியாக இருந்தார். பூங்காவுக்கு ஒரு பொருட்காட்சி சாலை வேண்டும் என்பது அவர் ஆசை. அரசாங்கத்திடம் அதற்குப் பணம் இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. 1923ல் ஒரு சங்கம் பிறந்தது. ராக்பெல்லர் குடும்பத்து அறநிதியில் இருந்து பணம் கிடைத்தது. 1926ல் பொருட்காட்சி சாலை திறந்தார்கள்.

கட்டடம் முடிந்ததும் சங்கத்தைக் கலைத்துவிடவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. பூங்காவைப் பற்றிய புத்தகம், படம், வரைபடம் எல்லாம் சங்கம் அச்சிட்டு விற்றது. லாபம் யாருக்கு? பங்குதாரர்களுக்கா? பங்குதாரரே கிடையாது! பூங்காவின் கல்விப் பணிக்கே அந்தப் பணம் போனது.

இந்த வழி மற்றப் பூங்காக்களுக்கும் பிடித்துவிட்டது. 1932ல் கிராண்ட் கேன்யனில் ஒரு சங்கம். 1933ல் எல்லோஸ்டோனில் ஒன்று. 1946ல் அமெரிக்கப் பாராளுமன்றம் இதற்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது.

காரை உடைத்த கரடி

எச்சில் காட்சியை நிறுத்தியதும் கரடிகள் திருந்திவிட்டனவா? இல்லை. தாயிடம் குட்டி கற்றுக்கொள்கிறது. கரடியின் மூக்கு மிகக் கூர்மையானது. பூட்டிய காருக்குள் இருக்கும் பிஸ்கட்டு கூட அதற்கு வாசனை தெரியும். கண்ணாடியை உடைத்து, கதவை வளைத்து உள்ளே புகுந்துவிடும்.

1998ஆம் ஆண்டில் மட்டும் யோசெமிட்டியில் 1,500க்கு மேல் கரடித் தொல்லைகள் பதிவாயின. பெரும்பாலும் கார் உடைப்புத்தான்!

ஒரு வேடிக்கை. 2001 முதல் 2007 வரை உடைபட்ட கார்களை ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். நிறுத்தி இருந்த கார்களில் மினிவேன் என்ற குடும்பக் கார் பத்தில் ஒன்று கூட இல்லை. உடைபட்டவற்றில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அதுதான்! குழந்தைகள் சிந்திய தின்பண்டம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். குழந்தை உள்ள வீட்டார் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

1999ல் பாராளுமன்றம் கரடிப் பணிக்கென்று பணம் ஒதுக்கியது. கூடாரம் போடும் இடங்களில் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள் வைத்தார்கள். நன்கொடையாளர் பணமும் இதற்கு உதவியது. காட்டுக்குள் நடந்து போய்த் தங்குகிறவர்கள் சாப்பாட்டைக் கெட்டியான டப்பாவில் அடைத்துத்தான் கொண்டு போக வேண்டும். டப்பாவை வாடகைக்கும் வாங்கலாம்.

பெட்டி வைத்தால் போதுமா? மூட வேண்டுமே! அதனால் ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். சாப்பாடு மட்டும் அல்ல, சோப்பும் பற்பசையும் உள்ளே போக வேண்டும். அவையும் மணக்கும்.

பலன் கிடைத்தது. கரடித் தொல்லை 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

1923ல் பிறந்த சங்கமும், நன்கொடை திரட்டி வந்த யோசெமிட்டி நிதியும் 2010ல் ஒன்றாயின. யோசெமிட்டி கன்சர்வன்சி என்று பெயர். புத்தகக் கடை நடத்துகிறது. கோடையில் தொண்டர்கள் வந்து தங்கி, வழி கேட்பவர்களுக்கு வழி சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டிலேயே பாடம் நடத்த, 1971ல் தொடங்கிய வேறு ஒரு நிறுவனம் இருக்கிறது.

சர்க்கார் வேலை யார் தலையில்?

இங்கே ஒரு கேள்வி. அரசாங்கம் செய்ய வேண்டியதைச் சங்கத்தின் தலையில் கட்டலாமா?

கட்டக்கூடாது என்பதே என் எண்ணம். 2018 டிசம்பரில் பட்ஜெட் தகராறால் அமெரிக்க அரசாங்க வேலைகள் பல நின்றன. பூங்காக் கதவு திறந்தே இருந்தது. காவலர்களோ மிகச் சிலர். ஜனங்கள் கண்ட இடத்தில் குப்பை போட்டார்கள், அசுத்தம் செய்தார்கள். யோசெமிட்டியில் சில பகுதிகளை மூட வேண்டி வந்தது.

தொண்டர் எடுத்துச் சொல்லலாம். அபராதம் போட முடியாது. சம்பளம் வாங்கும் காவலரும் வேண்டும், சம்பளம் வாங்காத தொண்டரும் வேண்டும்.

இன்று யோசெமிட்டியில் கரடிக்கு வேறு ஓர் எமன் வந்திருக்கிறான். வேகமாகப் போகும் கார்! சாலை ஓரங்களில் மஞ்சள் பலகைகளைக் காணலாம். நடுவில் சிவப்பு நிறத்தில் ஒரு கரடி.

கார் மோதிக் கரடி அடிபட்ட இடம் அது.