மாங்கனி வாங்கிய இரவலர்

ஆனிப் பௌர்ணமியையொட்டிக் காரைக்கால் வீதிகளில் பிட்சாடன மூர்த்தி பவனி வருகையில், மாடிகளிலிருந்து மாம்பழங்கள் மழைபோல் விழும். பிச்சைக்கு வந்த பெருமானுக்கு ஊர் இடும் பிச்சை அது. அதைப் பிடிக்க ஆயிரம் கைகள் நீளும். இட்ட ஊரே இரக்கும் ஊராகிவிடும்!

ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், புனிதவதியாரின் வாசலுக்கு வந்தவர் ஈசனென்று சொல்லப்படவில்லை. பசித்த சிவனடியார் ஒருவர், அவ்வளவுதான். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. கணவன் பரமதத்தன் அனுப்பியிருந்த இரண்டு கனிகளில் ஒன்றைச் சோற்றுடன் படைத்தார் அம்மையார். அடியவர் உண்டார், போனார். கதையில் அவரை மறுபடி காணோம். பகலில் உண்ண வந்த கணவன், இரண்டாவது பழத்தையும் கேட்டான். இறையருளால் பழம் வந்தது. அதன் வரலாற்றை அறிந்ததும் வணிகன் நடுங்கினான். கலமேறிச் சென்றவன் பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்தான். அம்மையாரோ அழகுடலை உதறிப் பேயுருக் கொண்டார். ஒரு பழத்துக்கு இத்தனை விலையா என்று, படிக்குந்தோறும் நெஞ்சு கேட்கத்தான் செய்கிறது.

சங்கப் பாடல்களில் இரவலர் பேசுவார்கள். புரவலர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டு முன்பே அம்மையார் இயற்றிய அற்புதத் திருவந்தாதியிலோ இடுகின்றவள் பேசுகிறாள். உலகமெங்கும் இரந்து திரிவதானாலும் அந்தப் பாம்பை விட்டுவிட்டுப் போ, பெண்கள் அஞ்சி அருகே வரமாட்டார்கள் என்று இறைவனுக்கே புத்தி சொல்கிறார். பாம்பின் நஞ்சு அவருக்குப் பெரிதில்லை. வாசலில் நிற்பவர் வெறுங்கையோடு திரும்பிவிடுவாரே என்பதுதான் கவலை.