கட்டு அவிழும் வேளை

கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ தீண்டியவரின் காலில், கடிவாய்க்கு மேலே, சாரத் துண்டாலோ கயிற்றாலோ இறுக்கிக் கட்டும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நஞ்சு மேலேறக்கூடாது என்ற நல்லெண்ணத்தோடு போடப்படும் அக்கட்டு எவ்வளவு கேடு பயப்பது என்பது, நின்ற குருதிக்கும் மீண்டும் ஓடத் தொடங்கும் குருதிக்கும் என்ன நேர்கிறது என்பதை அறிந்தால் விளங்கும்.

குருதிக்குழாய்களின் உட்புறத்தை ஒற்றைப் படையாகப் போர்த்தியிருக்கும் அகவணிக் கலங்கள், நைத்திரிக் ஒட்சைட்டு முதலிய பொருள்களைச் சுரந்து, குருதி உறைய உதவும் நுண்துணிக்கைகளாகிய குருதிச் சிறுதட்டுகள் குழாய்ச்சுவரில் ஒட்டாதவாறு காத்துவருகின்றன. ஓட்டம் தடைப்பட்டு ஒட்சிசன் குறைந்ததும் இதே கலங்கள், சிறுதட்டுகளைச் சுவரோடு பிணைக்கும் புரதமாகிய வொன் வில்லிபிராண்ட் காரணியை, அதுவரை சேமித்து வைத்திருந்த நுண்பொதிகளிலிருந்து வெளியே விடுகின்றன. கட்டு அவிழ்ந்து ஒட்சிசன் திடீரெனத் திரும்புகையில், தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலிகங்கள் தோன்றி அக்கலங்களை மேலும் சிதைக்க, வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் அங்கே திரண்டு மயிர்க்குழாய்களை அடைத்துக்கொள்வதால், பெருங்குழாய் திறந்திருந்தும் இழையத்துக்குக் குருதி எட்டாத நிலை உண்டாகலாம். அதே வேளையில், அகவணிக் கலங்கள் விடுவிக்கும் மற்றொரு பொருள் உறைகட்டிகளைக் கரைக்கும் ஆற்றலையும் கூட்டிவிடுகிறது. சத்திரசிகிச்சைக்காகக் காலில் அழுத்தப்பட்டி இட்டு அகற்றும்போதும் இம்மாற்றங்கள் காணப்படுகின்றன; நலமான உடல் அவற்றைப் பெரும்பாலும் தானே சமன்செய்துகொள்கிறது.

விரியன் தீண்டிய உடலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கண்ணாடி விரியனின் நஞ்சு 5 ஆம், 10 ஆம் உறைதற்காரணிகளைத் தூண்ட, சுருட்டையின் நஞ்சு புரோத்துரொம்பினையே நேராகத் தூண்டுகிறது. இவ்வாறு குழாய்களுக்குள்ளே உறைதல் வீணாக நடந்து, உறைகட்டியின் நாராக மாறும் பைபிரினோஜன் தீர்ந்துபோகவே, ஈற்றில் குருதி உறையும் திறனையே இழந்துவிடுகிறது. கட்டுக்குக் கீழே தேங்கிய நஞ்சு, அவிழ்த்த கணத்தில், மேற்சொன்ன மாற்றங்களுக்கு உள்ளான குருதியோடு சேர்ந்தே உடலுக்குள் பாய்கிறது. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வழிகாட்டல் இறுக்கிக் கட்டுவதைத் தவிர்க்கச் சொல்வதோடு, ஏற்கெனவே கட்டியிருந்தால் வைத்தியசாலையில் நஞ்செதிர் மருந்து ஏற்றத் தொடங்கிய பின்னரே அதை அவிழ்க்கவேண்டும் என்கிறது. கடியுண்ட காலை அசைக்காமல், நோயாளியை நடக்கவிடாமல், தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே உற்றார் செய்யத்தக்க பேருதவி.

அங்கே முதலில் நடக்கும் சோதனை மிக எளியது. நாளத்திலிருந்து எடுத்த சுமார் 2 மில்லிலீற்றர் குருதியைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடங்கள் அசையாமல் வைத்து, பின் ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள்; ஓடினால் உறையவில்லை என்பது முடிவு. கண்ணாடியின் மேற்பரப்பே உறைதலைத் தொடக்கிவைப்பதால், பிளாஸ்டிக் குழாயும் சவர்க்காரத்தால் கழுவிய குழாயும் பிழையான முடிவையே தரும். மருந்து நஞ்சை முறித்த பின்னரும், தீர்ந்த காரணிகளை ஈரல் புதிதாக உண்டாக்கச் சில மணி நேரம் செல்லுமாதலால், 6 மணி நேரம் கழித்து அச்சோதனை மீண்டும் செய்யப்பட்டு, அப்போதும் குருதி உறையாவிடின் மறுபடி மருந்து ஏற்றப்படுகிறது.