பள்ளி செல்லாப் பிள்ளையும் விடுமுறைச் செலவும்

இரண்டு வயதுப் பிள்ளையுடன் மே மாதத்தில், கடன் வாங்கி ஊட்டிக்குச் செல்லும் இளம் தம்பதியரை நான் அறிவேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அறை வாடகை ஏறும்; இது எளிய பொருளியல். பள்ளி செல்லாப் பிள்ளைக்கு மே மாதக் கட்டாயம் ஏது? பிரிட்டனில் மழலையருடைய பெற்றோர் பலர் பள்ளி நாள்களிலேயே உள்நாட்டுச் சுற்றுலாவை முடித்துக்கொள்கின்றனர்.

ராதாபுரத்தாருக்கு நான் சொல்வது கன்னியாகுமரி. ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஓய்ந்த பிப்ரவரியில், வார நாளில். அரசுப் பேருந்தில் 2022 முதல் 5 வயது வரை கட்டணமில்லை. ரயிலிலும், தனிப் படுக்கை கேட்காதவரை, 5 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, 18ஆம் நூற்றாண்டின் வட்டக்கோட்டையில் பிள்ளை ஓடியாடப் புல்வெளி உண்டு. முக்கடல் சங்கமத்தின் பாறைக் கரையில் அது இயலாது. மதில்மேல் ஏறும்போது மட்டும் கையை விடக்கூடாது.