வளைகோட்டிற் பிறக்கும் திண்மங்கள்

குயவன் சுழலும் சக்கரத்தின் மீது களிமண்ணை வைத்து, அதன் ஓரத்தே விரலை நிறுத்துகின்றான். விரல் காட்டுவது ஒரு கோடு; சக்கரம் அக்கோட்டைப் பானையாக்கி விடுகின்றது. கேத்திரகணிதம் கூறும் சுழற்சித் திண்மத்தின் இலக்கணம் இதுவே. ஒரு வளையியை ஓர் அச்சைச் சுற்றித் திருப்பினால் ஒரு மேற்பரப்பு தோன்றும். அச்சுக்குச் சமாந்தரமான நேர்கோடு உருளையைத் தரும். அச்சை ஒரு முனையில் தொடும் சாய்கோடு கூம்பைத் தரும். விட்டத்தைச் சுற்றும் அரைவட்டம் கோளத்தைத் தரும். அச்சுக்கு அப்பால் நிற்கும் முழுவட்டமோ உழுந்து வடை போன்ற வளையத்தைத் தரும்.

இவ்வுருவங்களை இன்று கணினி கொண்டு வரைவதற்கு வரைமொழிகள் உள. அவற்றுள் ஒன்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அசிம்ப்டோட். டொனால்ட் கனூத் எழுத்துருக்களுக்கென அமைத்த மெற்றாபொன்ற், அதன் வழிவந்த ஜோன் ஹொபியின் மெற்றாபோஸ்ற் ஆகியவற்றின் மரபில் வந்த மொழி இது. இதில் நாம் கையால் வரைவதில்லை. வளையி செல்ல வேண்டிய புள்ளிகள், அச்சு, சுழற்சிக் கோணம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தாற் போதும். 360 பாகைக்குப் பதிலாக 270 பாகை எனின், கால்பங்கு வெட்டப்பட்டு உட்புறம் தெரியும். ஆசிரியர்க்கு இது பெரிதும் பயன்படும். வளையியை ஒரு திசையில் நேரே நகர்த்தித் திண்மமாக்கலாம். வளைந்த பாதை வழியே வட்டத்தைச் செலுத்திக் குழாயும் ஆக்கலாம்.

இத்தகைய திண்மத்தின் கனவளவை எவ்வாறு அறிவது? கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பப்பசு வழி கூறினார். 17ஆம் நூற்றாண்டில் போல் குல்டின் அதனை மீண்டும் வெளியிட்டார். உருவின் பரப்பை, அதன் மையப்போலி செல்லும் தூரத்தாற் பெருக்குக. 1 அங்குல ஆரையுள்ள வட்டத்தின் மையம் அச்சிலிருந்து 3 அங்குலத்தில் உள்ளதெனக் கொள்வோம். பரப்பு 3.14 சதுர அங்குலம். மையம் செல்லும் தூரம் 18.85 அங்குலம், ஆகவே கனவளவு ஏறத்தாழ 59.2 கன அங்குலமாகும்.

இனி அதே வட்டத்தை அதன் விட்டத்தையே அச்சாகக் கொண்டு சுழற்றுக. மையம் அசையாது, ஆகவே பெருக்கம் பூச்சியம். ஆயினும் திரையில் 4.19 கன அங்குலக் கோளம் நிற்கின்றது! முரண்பாடு தேற்றத்தில் இல்லை. உருவை அச்சு ஊடறுத்தல் ஆகாது என்பது அதன் நிபந்தனை. அது இங்கே மீறப்பட்டது. கணினியோ எச்சரிக்கை எதுவுமின்றி வரைந்து முடிக்கின்றது. குழாயிலும் அவ்வாறே: பாதையின் வளைவாரை குழாயின் ஆரையிலும் சிறிதாயின், மேற்பரப்பு தன்னைத்தானே ஊடுருவும், படமோ பார்வைக்கு அழகாகவே இருக்கும்.

ஆகவே, மாணவர் படத்தை நிறுவலாகக் கொள்ளலாகாது. வரைமொழி கையின் உழைப்பைக் குறைக்கும். நிபந்தனை நிறைவேறிற்றா என வினவும் கடமை வரைபவருடையதே.