ஒரே கம்பி, இரண்டு வியாபாரிகள்

மும்பை செம்பூரில் ஒரு குடும்பம் மின்சாரம் விற்பவரை மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை, புதுக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. நேற்றுவரை அதானி பில், இனி டாடா பவர் பில். கேபிள் மட்டும் அதானியுடையதே! மின்வாரியம் என்ற ஒரே பெயரைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுக்காரருக்கு இது மாயம்போலத் தோன்றும்.

மாயத்துக்கு வழிவிட்டது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். ஒருவருடைய கம்பி வழியாக, கட்டணம் கொடுத்து, இன்னொருவர் மின்சாரம் விற்க அது இடம் தந்தது. டாடா பவர் வீடுகளுக்கும் நேரடியாக விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது செம்பூர் உள்ளிட்ட புறநகர்க் கம்பிகள் ரிலையன்ஸ் வசம் இருந்தன. 2018இல்தான் அவை அதானிக்குக் கைமாறின. அந்தக் கம்பிகள் வழியாகவே டாடா விற்பதற்கான ஏற்பாட்டை 2009 அக்டோபரில் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது.

ஒரே கம்பியில் யாருடைய மின்சாரம் எது? பிரிக்கவே முடியாது. மாறுமின்னோட்டத்தில் எலக்ட்ரான்கள் நொடிக்கு 50 முறை இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. எந்த நிலையத்திலிருந்தும் கிளம்பி உங்கள் வீட்டுக்கு அவை பயணம் வருவதில்லை. மொட்டைமாடித் தொட்டியை இரண்டு லாரிகள் நிரப்புகின்றன என்று வையுங்கள். குழாயில் வருவது எந்த லாரித் தண்ணீர் என்று சொல்ல முடியாது. யார் எவ்வளவு ஊற்றினார் என்று மட்டும் எழுதி வைக்கலாம்.

மின்சாரத்திலும் அந்தக் கணக்குதான் நடக்கிறது. ஒரு நாள், 15 நிமிடம் கொண்ட 96 துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் தன் வாடிக்கையாளர் எடுப்பதற்கு ஈடாக விற்பவர் மின்சாரம் ஏற்பாடு செய்ய வேண்டும். செம்பூரை ஒட்டிய டிராம்பே அனல்மின் நிலையமும், 1915 முதல் மலையிலிருந்து விழும் நீரால் சுழலும் கோபோலி நீர்மின் நிலையமும் டாடாவின் மூலங்களில் சில. துண்டு விழுந்தால், விலை கொடுத்து ஈடுகட்ட வேண்டும்.

பில்லைப் பிரித்தாலும் இந்த ஏற்பாடு தெரியும். நிலைக் கட்டணம், யூனிட் கட்டணம், எரிபொருள் விலை ஏற்ற இறக்கத்துக்கான கட்டணம், எல்லாவற்றின் மேலும் 16 சதவீத மாநில மின்வரி. இடையில் ‘வீலிங் சார்ஜ்’ என்று ஒரு கட்டணம் இருக்கும். அது கம்பிக்கான வாடகை. பில் யாருடையதானாலும் கம்பிக்காரருக்கே போகிறது.

இனி ஒப்பீடு. ஸ்லாப் முறையில் 350 யூனிட் எரித்தால், முதல் 100 ஒரு விலை, அடுத்த 200 ஒரு விலை, கடைசி 50 இன்னொரு விலை. உதாரணத்துக்கு ஒருவர் முதல் 100 யூனிட்டை 4 ரூபாய்க்கும் அதற்கு மேல் 9 ரூபாய்க்கும் தருகிறார். மற்றவர் 5, 8 என்கிறார். 150 யூனிட்டுக்கு முதலாமவர் 850, இரண்டாமவர் 900. 200இல் இருவரும் 1,300. 300இல் 2,200க்கு எதிராக 2,100! விலைப்பட்டியல் மாறவில்லை, மலிவானவர் மாறிவிட்டார். ஏசி ஓடும் மே மாதம் ஒரு பதில் சொல்லும், ஜனவரி வேறு பதில் சொல்லும்.

இன்னொரு நுட்பம் உண்டு. அதிகம் எரிப்பவர் தரும் பணம்தான் குறைவாக எரிப்பவரின் விலையைத் தாங்குகிறது. இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். அதிகம் எரிப்பவர்கள் வெளியேறினால் அந்தச் சுமை எஞ்சியவர் தலையில் விழும். அதனால் மாறிப்போனவரிடமும் ஒரு கூடுதல் கட்டணம் வாங்க ஆணையம் வழி செய்தது. ஒப்பிடும்போது அதையும் கூட்ட வேண்டும்.

செம்பூரிலிருந்து சயானைத் தாண்டி மாட்டுங்கா, தாராவிக்கு வந்தால் விதியே வேறு. அங்கே கம்பி, 1947 முதல் மாநகராட்சியின் கையில் உள்ள பெஸ்ட் நிறுவனத்துடையது. உள்ளாட்சி அமைப்பு தன் கம்பியை மற்றவருக்கு வாடகைக்கு விடச் சட்டம் வற்புறுத்துவதில்லை. அங்கே டாடா விற்க வேண்டுமானால் சொந்தக் கம்பி இழுக்க வேண்டும்.

செம்பூர்க்காரர்கள் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். ஓராண்டு பில்களை எடுத்து, ஒவ்வொரு மாத யூனிட்டையும் இருவருடைய கட்டணப் பட்டியலிலும் போட்டு, வரி உட்பட 12 மாதத்தையும் கூட்டுங்கள். விளம்பரத்தில் வரும் யூனிட் விலை ஊருக்குப் பொது. இந்தக் கூட்டுத்தொகைதான் உங்கள் வீட்டுக்கு உரிய விடை.