தின்பண்டத்தின் வழியே காய்கறி

ஒன்றரை வயது வரை கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் உண்ட குழந்தை, அதன் பின்னர் காய்கறியை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கத் தொடங்குவது பெரும்பாலான வீடுகளில் காணப்படும் மாற்றமாகும். சாம்பாரில் கிடக்கும் கேரட்டைத் தேடியெடுத்து வெளியே வைப்பதையும், உப்புமாவிலுள்ள பட்டாணியைத் துப்பிவிடுவதையும், கீரையைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்வதையும் பெரியவர்கள் வெறும் அடமாகவே கருதுகின்றனர். குழந்தை ஏற்கெனவே விரும்பி உண்ணும் இட்லி, அடை, பணியாரம், கொழுக்கட்டை போன்ற பண்டங்களில் காய்கறியைக் கலந்து கொடுப்பது இதற்கு நல்லதொரு தீர்வாகும். எனினும் அது காய்கறியோடு குழந்தையைப் பழக்கும் நீண்ட முயற்சியின் முதற்படியாக அமையும்போதுதான் முழுப் பயன் தரும்.

ஒதுக்குவதன் காரணம்

அறிமுகமில்லாத உணவைக் கண்டு பின்வாங்கும் இயல்பைக் குழந்தை உளவியலார் 'புதிய உணவு அச்சம்' என்று குறிப்பிடுகின்றனர். இவ்வியல்பு பொதுவாக இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் மிகுந்திருந்து, பின்னர் படிப்படியாகத் தணிகிறது. குழந்தை தானே நடந்து திரிந்து, கைக்கு எட்டியதை எடுத்து வாயில் வைக்கத் தொடங்கும் பருவத்தில், நச்சுத் தாவரங்களிலிருந்து அதைக் காக்கும் இயற்கை அரணாக இவ்வச்சம் உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கமாகும்.

இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவியிலேயே அமைந்தவை. கசப்பை உணரும் திறன் மரபணுவின் காரணமாக ஒருவருக்கொருவர் வேறுபடுவதால், ஒரே வீட்டில் ஒரு குழந்தை பாகற்காயைப் பொறுத்துக்கொள்ள, மற்றொரு குழந்தைக்கு முட்டைக்கோசின் இலேசான கசப்புகூடத் தாங்க முடியாததாக இருக்கலாம். வெண்டைக்காயின் வழவழப்பு, கத்தரிக்காயின் குழைவு, கீரைத்தண்டின் நார் ஆகியவற்றை நாவும் தொண்டையும் ஏற்க மறுப்பதும் உண்டு. ஆகவே ஒதுக்கும் குழந்தையைக் குற்றவாளியாகக் கருதுவது பொருந்தாது.

தேவையும் பற்றாக்குறையும்

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காய்களும் பழங்களும் சேர்ந்து 2 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் குறைந்தது 250 கிராமும், 6 முதல் 9 வயது வரையுள்ளவர்களுக்கு 350 கிராமும் கிடைக்க வேண்டும் என்கிறது. மதியச் சோற்றுடன் வைக்கும் ஒரு கரண்டிப் பொரியலால் மட்டும் இவ்வளவை எட்ட முடியாது. அதையும் குழந்தை ஒதுக்கிவிட்டால் பற்றாக்குறை மேலும் பெருகும்.

நார்ச்சத்துக் குறைவால் மலச்சிக்கல் தோன்றுகிறது. மலச்சிக்கலால் பசி மந்தமாகி, குழந்தை மேலும் குறைவாக உண்ணும் நிலை ஏற்படுகிறது. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். குருதியில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் தேவையான அளவினும் குறைந்திருப்பதே இரத்தசோகை எனப்படும். அதற்குக் காரணங்கள் பல உண்டு எனினும், கீரையும் காயும் பருப்பும் குறைந்த உணவு அவற்றுள் ஒன்றாகும்.

கலந்து கொடுப்பதால் பயன் உண்டா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அவர்கள் வழக்கமாக உண்ணும் ரொட்டி, பாஸ்தா போன்றவற்றில் அரைத்த காய்கறியைச் சேர்த்துக் கொடுத்து, அதன் விளைவை 2011-இல் வெளியிட்டனர். அக்குழந்தைகள் உண்ட காய்கறியின் அளவு ஏறத்தாழ இரு மடங்கானது. உணவின் வழியே பெற்ற ஆற்றல் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. பக்கத்தில் தனியாக வைக்கப்பட்ட காய்கறியை உண்ணும் அளவு இதனால் குறையவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆற்றல் குறைவது உடல் எடை மிகுந்த குழந்தைக்கு நன்மை. எடை போதாத குழந்தைக்கோ, காய்கறியோடு பருப்பு, முட்டை, நெய், வேர்க்கடலைப் பொடி போன்றவற்றையும் சேர்த்து அக்குறையை நிரப்ப வேண்டும்.

தமிழ்ச் சமையலுக்கு இம்முறை புதியதன்று. துவர்ப்பு மிகுந்த வாழைப்பூவை, 'கள்ளன்' எனப்படும் வேகாத நரம்பை நீக்கி மோரில் ஊறவைத்து, பருப்போடு கலந்து வடையாகத் தட்டுவதும், முருங்கைக்கீரையை அடைமாவில் உதிர்ப்பதும், வெண்பூசணியைத் துருவிக் காசி அல்வாவாகக் கிண்டுவதும் நெடுங்காலமாக வழக்கிலுள்ளவை. நேரடியாக விரும்பப்படாத காயை விரும்பப்படும் பண்டமாக மாற்றும் அந்தக் கைப்பக்குவத்தை எண்ணெயும் சர்க்கரையும் குறைத்துக் குழந்தைகளுக்கு ஏற்பச் சீரமைத்தாலே போதும்.

பண்டங்களும் கலக்கும் முறையும்

*வண்ண இட்லியும் தோசையும்:* கேரட் அல்லது பீட்ரூட்டை ஆவியில் வேகவைத்து விழுதாக அரைத்து, நான்கு பங்கு இட்லி மாவுக்கு ஒரு பங்கு என்ற அளவில், மாவு பொங்கிய பின்னர், வார்க்கும் நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். விழுது மிகுந்தால் மாவு நீர்த்து இட்லி தட்டையாகிவிடும். தோசை மாவு சற்றுக் கூடுதலாகவே தாங்கும். மெல்லிய சிறு தோசைகளாக வார்த்தால் காயின் மணம் அடங்கி மொறுமொறுப்பு மேலோங்கும்.

*குழிப்பணியாரம்:* ஒரே வாயில் அடங்கும் உருண்டை வடிவமும், கையில் பிடித்து உண்ணும் வசதியும் குழந்தைகளுக்கு இதன் மீது விருப்பத்தைத் தருகின்றன. துருவிய கேரட், மிகப் பொடியாக நறுக்கிய பீன்ஸ், வெங்காயம் ஆகியவற்றை எண்ணெயில் சற்று வதக்கிப் பச்சை வாடை போனபின் மாவில் கலந்தால், காய் பல்லில் தனியாகத் தட்டுப்படாது. குழிக்குச் சில துளி எண்ணெய் போதுமென்பதால், பொரிக்கும் பண்டங்களைவிட இது நல்லது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைப் பிட்டுக் கொடுக்க வேண்டும்.

*முருங்கைக்கீரை அடை:* அரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு ஆகியவற்றை ஊறவைத்து அரைத்த மாவில், காம்பு நீக்கிய இளங்கீரையைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். அரிசியும் பருப்பும் ஒன்றன் புரதக் குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றன. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி உடன் சேரும்போது அது கூடுதலாக ஏற்கப்படுவதால், அடைக்குத் தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சை பிழிந்த சட்னியோ வைப்பது சிறப்பு.

*பரங்கிக்காய்க் கொழுக்கட்டை:* பரங்கிக்காய் எனவும் மஞ்சள் பூசணி எனவும் வழங்கும் காயை வேகவைத்து மசித்து, தேங்காய்த் துருவல், ஏலக்காய், சிறிதளவு வெல்லம் ஆகியவற்றோடு நீர் வற்றும்வரை கிளறினால் பூரணம் ஆகிறது. காயின் இயற்கையான இனிப்பே பெரும்பகுதியை நிறைவு செய்வதால், வழக்கமான பூரணத்துக்குச் சேர்க்கும் வெல்லத்தில் பாதிக்கும் குறைவே தேவைப்படும். மேல்மாவைப் பீட்ரூட் சாற்றில் பிசைந்தால் இளஞ்சிவப்பு நிறம் கிடைக்கும்.

*காய்கறிக் கட்லெட்:* உருளைக்கிழங்கிலுள்ள மாவுச்சத்து மற்றக் காய்களை ஒன்றாகப் பிணைக்கிறது. எனினும் கிழங்கு பாதிக்கு மேற்படாமல், எஞ்சிய பகுதி கேரட், பட்டாணி, காலிஃபிளவர், பீன்ஸ் ஆகியவற்றால் அமைய வேண்டும். நட்சத்திரம், மீன் போன்ற வடிவங்களில் வெட்டி, தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க விடுவது, எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைக் காட்டிலும் நன்று.

*கீரைச் சப்பாத்தியும் காய்ப் புட்டும்:* பாலக்கீரையை வதக்கி அரைத்த விழுதில் கோதுமை மாவைப் பிசைந்தால் பச்சை நிறச் சப்பாத்தி கிடைக்கிறது. புட்டுக்குழலில் மாவுக்கும் தேங்காய்க்கும் இடையே கேரட் துருவலை அடுக்கினால், அரிசி மாவின் வெண்மைக்கு நடுவே செம்மஞ்சள் வளையங்கள் தோன்றி, உண்ணும் ஆர்வத்தைத் தூண்டும்.

சத்து வீணாகாமல் காத்தல்

வைட்டமின் சி நீரில் கரைவதோடு வெப்பத்தாலும் சிதைவதால், காயை மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டுவது சத்தைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். ஆவியில் வேகவைப்பதும், வெந்த நீரை மாவு பிசையப் பயன்படுத்துவதும் இழப்பைக் குறைக்கும். கேரட், பரங்கிக்காய், கீரைகள் ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் நிறப்பொருளை உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில் கரையும் தன்மையது என்பதால், காயை வேகவைத்து மசித்து அரைத் தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கொடுத்தால் உடல் அதைக் கூடுதலாக ஏற்கும்.

அரைப்பதால் நார்ச்சத்து நீங்குவதில்லை. வடிகட்டுவதால்தான் அது பெரும்பகுதி நீங்குகிறது. ஆகவே நிறத்துக்காகச் சாறு பிழியும்போது சக்கையை எறிந்துவிடாமல், அதையும் மாவிலோ கூட்டிலோ சேர்ப்பது முறையாகும்.

மறைப்பிலிருந்து அறிமுகத்துக்கு

காய்கறியை மறைத்து மட்டுமே வளர்க்கும் குழந்தைக்குச் சத்து சேர்கிறதே தவிர, காய்கறி பழகுவதில்லை. கேரட் கலந்த இட்லியை நூறு முறை உண்ட குழந்தைக்கும் கேரட்டின் உருவமும் கடிபதமும் அயலானவையாகவே எஞ்சிவிடலாம். குழந்தைகளின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச்சும் பிறரும் மேற்கொண்ட ஆய்வுகள், ஒரு புதிய உணவை ஏற்பதற்குப் பெரும்பாலும் எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சுவைக்கும் வாய்ப்புத் தேவைப்படுவதைக் காட்டுகின்றன. பல வீடுகளிலோ மூன்றாம், நான்காம் மறுப்பிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

எனவே மறைப்பை ஓர் ஏணியாக அமைத்துக்கொள்வது பொருத்தமாகும். முதலில் விழுதாகவும், அடுத்துத் துருவலாகவும், பின்னர் கண்ணுக்குத் தெரியும் பொடித் துண்டுகளாகவும், இறுதியில் கூட்டு, பொரியல் என அதன் சொந்த உருவிலும் காய் தட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதே காயில் இரண்டொரு துண்டை வற்புறுத்தாமல் பக்கத்தில் வைப்பதும், இட்லியின் நிறத்துக்குக் காரணம் என்னவென்று குழந்தை கேட்டால் மறைக்காமல் கேரட் என்றே சொல்வதும் இன்றியமையாதவை. ஏமாற்றப்பட்டதை உணரும் குழந்தை, காயோடு அந்தப் பண்டத்தையும் சேர்த்தே வெறுக்கத் தொடங்கும்.

சந்தையில் காயைத் தேர்ந்தெடுப்பது, கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, மாவில் துருவலைக் கலப்பது ஆகிய வேலைகளில் குழந்தையைச் சேர்த்துக்கொண்டால் தொடுதலாலும் மணத்தாலும் அறிமுகம் ஏற்படுகிறது. வீட்டுப் பெரியவர்கள் அதே காயை விருப்பத்தோடு உண்பதைக் காண்பது எந்த அறிவுரையையும் விட வலியது. 'காயைத் தின்றால் சாக்லேட்' என்று கைம்மாறு பேசுவதோ, காய் உண்பது ஒரு தண்டனை என்ற எண்ணத்தையே வளர்க்கும். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோரின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை என உணவியல் அறிஞர் எலின் சாட்டர் வகுத்த பங்கீடு இங்கு நல்ல வழிகாட்டியாகும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சைக் கேரட் துண்டு, முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை என்பதால், காயை மென்மையாக வேகவைத்தும், கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுக்க வேண்டும். ஒரு வயது நிறைவதற்கு முன் உப்பும் தேனும், இரண்டு வயது வரை சர்க்கரையும் வெல்லமும் சேர்க்காதிருப்பது நல்லது. பீட்ரூட் உண்ட மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாக இருப்பதும், கேரட்டும் பரங்கிக்காயும் மிகுதியாக உண்ணும் குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாவதும் தீங்கற்றவை. எனினும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளானால் அது மஞ்சள் காமாலைக்கான அறிகுறியாக இருக்கலாம் என்பதால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தின்பண்டத்துக்கும் அடுத்த வேளை உணவுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்கு வேறு உணவில் நாட்டம் குறைவதோடு இரும்புச்சத்துக் குறைபாடும் ஏற்படலாம் என்பதால், பாலின் அளவையும் கணக்கிட வேண்டும்.

எடை கூடாமல் நின்றுவிடுவது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது அல்லது குமட்டுவது, ஏற்றுக்கொள்ளும் உணவுகள் நாளுக்கு நாள் குறைந்து விரல்விட்டு எண்ணும் அளவில் நின்றுவிடுவது ஆகியவை சாதாரண அடத்தின் எல்லையைத் தாண்டியவை. இந்நிலையில் வீட்டு உத்திகளை மட்டும் நம்பியிராமல், குழந்தைநல மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

நிறைவாக

காய்கறியை உண்ணும் பழக்கம் குழந்தைக்குப் பிறவியில் வருவதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கற்பிக்கப்படுவது. இன்று மாவில் கரைந்து வாய்க்குள் போகும் கேரட், நாளை துருவலாகவும் மறுநாள் துண்டாகவும் தட்டில் இடம்பெறட்டும். பத்தாம் முறை மறுத்தாலும் சினவாமல், பதினோராம் முறையும் அதே புன்னகையோடு ஒரு துண்டை வைக்கும் பொறுமையைப் பெற்றோர் வளர்த்துக்கொள்ள வேண்டும்.